புற்றுநோய் எலும்புக்குப் பரவியிருந்தால், ரேடியேஷனுக்கு முன் ஆர்த்தோ டாக்டரிடம் காட்டுங்கள்

மார்பகப் புற்றுநோய் தொடை எலும்பின் மேல்பகுதிக்குப் பரவியதால் அம்மாவை ஒரு பெரிய தனியார் மருத்துவமனையில் சேர்த்தோம். "பத்து நாள் ரேடியேஷன் கொடுத்தா வலி போயிடும், இந்த வயசுல ஆபரேஷன் எதுக்கு?" என்றார்கள். பேக்கேஜ் என்று சொல்லி மொத்தப் பணத்தையும் முன்கூட்டியே வாங்கிக்கொண்டார்கள். வலி குறைந்தது உண்மைதான். "இனிமே தைரியமா நடங்கம்மா" என்று அனுப்பிவைத்தார்கள். கொஞ்ச நாளிலேயே, நாற்காலியைவிட்டு எழும்போது தொடை எலும்பு முறிந்துவிட்டது. அம்மா கீழே விழக்கூட இல்லை.

ஸ்கேன் ரிப்போர்ட்டின் கடைசி வரியில், எலும்பு முறியும் அபாயம் இருக்கிறது, ஆர்த்தோ டாக்டரின் கருத்து தேவை என்று அச்சாகியே இருந்தது. அந்த ரிப்போர்ட் எங்கள் கைக்கு வந்தது டிஸ்சார்ஜ் அன்றுதான். நினைக்கும்போதெல்லாம் வயிறு எரிகிறது.

முறிந்த பிறகு வேறு மருத்துவமனையில் ஆபரேஷன் செய்த டாக்டர்தான் விளக்கமாகச் சொன்னார். ரேடியேஷன் புற்றணுக்களைக் கொல்லும். ஆனால் அரித்துப்போன எலும்பு மறுபடி கெட்டிப்பட வாரங்கள், மாதங்கள் ஆகும். அதுவரை உடம்பின் பாரத்தை அது தாங்காது. முறியுமா என்று கணிக்க, மிரெல்ஸ் என்ற மருத்துவர் 1989இல் வெளியிட்ட மதிப்பெண் முறை உண்டு. எந்த இடம், எப்படிப்பட்ட வலி, எலும்பு அரித்திருக்கிறதா, எவ்வளவு அகலம் என்று நான்கையும் பார்த்து 12க்குப் போடுவார்கள். 9 அல்லது அதற்கு மேல் வந்தாலே முறியும் முன் கம்பி வைத்துவிடுவது நல்லது. அம்மாவுக்கு 11. எக்ஸ்ரேயும் அம்மா சொன்ன வலியும் போதும், இதைக் கணக்கிட. காலை ஊன்றும்போது மட்டும் சுருக்கென்று வலிக்கிறது என்று அம்மா முதல் நாளே சொல்லியிருந்தார்.

முறியும் முன் கம்பி வைப்பது சிறிய ஆபரேஷன். முறிந்த பிறகு ரத்த இழப்பும் அதிகம், தேறுவதும் மெதுவாகத்தான். கம்பி வைத்ததோடும் வேலை முடிவதில்லை. காயம் ஆறியதும், சுமார் இரண்டு மூன்று வாரத்தில், கம்பி ஓடும் நீளம் முழுக்க ரேடியேஷன் கொடுக்க வேண்டும். இல்லாவிட்டால் கட்டி வளர்ந்து கம்பியே தளர்ந்துபோகும். டிஸ்சார்ஜ் ஆகும்போதே அதற்கான தேதியைக் கேட்டு வாங்குங்கள்.

இன்னொன்று. முறியும் அபாயம் இல்லாத சாதாரண எலும்பு வலிக்கு ஒரே நாளில் கொடுக்கும் 8 கிரே (கிரே என்பது ரேடியேஷனை அளக்கும் அலகு) ரேடியேஷனும் பத்து நாள் ரேடியேஷன் அளவுக்கே வலியைக் குறைக்கும். சிலருக்குப் பிறகு மறுபடி கொடுக்க வேண்டிவரலாம், அவ்வளவுதான். பத்து நாள் என்றால் ஏன் பத்து நாள் என்று கேளுங்கள்.

முதுகெலும்பில் பரவியவர்களுக்குக் கால் பலவீனமானாலோ, மரத்துப்போனாலோ, சிறுநீர் போவதில் சிக்கல் வந்தாலோ அன்றைக்கே எம்ஆர்ஐ எடுக்க வேண்டும். கட்டி தண்டுவடத்தை அழுத்தியவர்களிடம் நடந்த ஒரு ஆய்வு 2005இல் லான்செட் மருத்துவ இதழில் வந்தது. ஆபரேஷனும் ரேடியேஷனும் சேர்த்துப் பெற்றவர்களில் 84 சதவீதம் பேர் நடந்தார்கள். ரேடியேஷன் மட்டும் பெற்றவர்களில் 57 சதவீதம். எல்லாருக்கும் ஆபரேஷன் ஒத்துவராது. ஆனால் ஒத்துவருமா என்பதை அறுவை மருத்துவர் பார்த்துச் சொல்லட்டும். "அடுத்த வாரம் ஓபிக்கு வாங்க" என்றால் கிளம்பாதீர்கள், அங்கேயே நின்று கேளுங்கள்.