கழற்ற ஒரு பை, வாங்க ஒரு பை: சொந்தமாகப் பழுது பார்ப்பவரின் கருவித் தேர்வு

டாடா ஏஸ் போன்ற சிறு சரக்கு வண்டியை வைத்துக்கொண்டு சில்லறைப் பழுதுகளை வீட்டு வாசலிலேயே பார்த்துக்கொள்பவர் கருவி வாங்கக் கடைக்குப் போனால், அவர் முன் முதலில் திறந்து வைக்கப்படுவது நூறு உருப்படிகளுக்கு மேல் அடங்கிய பெட்டியாகத்தான் இருக்கும். அதே பணத்துக்கு நல்ல தரத்தில் தனித்தனியாக வாங்கினால் பதினைந்து உருப்படிகள் தேறுவதே அரிது என்பதால் பெட்டி மலிவாகத் தோன்றுகிறது. ஆனால் எண்ணிப் பார்த்தால், அதில் பெரும்பகுதி ஸ்குரூடிரைவர் முனைகளும் கால் அங்குல ராட்செட்டுக்கான (சாக்கெட்டை மாட்டித் திருப்பும் பல்சக்கரக் கைப்பிடி) குட்டி சாக்கெட்டுகளுமாக இருக்கும். சரக்கு வண்டியில் அவற்றுக்கு டாஷ்போர்டை விட்டால் அதிக வேலை கிடையாது. அரை அங்குல ராட்செட் ஒன்று, 10 முதல் 24 மி.மீ. வரையிலான சாக்கெட்டுகள், ஒரு ரிங் ஸ்பானர் செட் ஆகியவற்றைத் தனித்தனியாக வாங்குவதையே நான் சொல்வேன். அளவுகளில் மட்டும் சிறு கவனம் வேண்டும். எம்8 போல்ட்டின் (மரையின் விட்டம் 8 மி.மீ.) தலை பொதுவாக 13 மி.மீ.; ஜப்பானிய வடிவமைப்பில் வந்த வண்டிகளிலோ அது 12. எம்10 போல்ட்டுக்குப் பொதுவாக 16 அல்லது 17, ஜப்பானிய வடிவமைப்பில் 14. பழைய உதிரி வாங்கிப் பொருத்துகிறவர் கையில் இரண்டு வகையும் வந்து சேரும் என்பதால் 12, 14 இரண்டையும் விட்டுவிடக் கூடாது.

உள்பக்கம் ஆறு முனை உள்ள சாக்கெட்டா, பன்னிரண்டு முனையா என்பதைப் பலர் பொருட்படுத்துவதில்லை. எனக்கோ மற்ற எல்லாவற்றையும்விட இதுதான் முக்கியமாகப் படுகிறது. பன்னிரண்டு முனையை 30 பாகைக்கு ஒருமுறை மாற்றிப் பிடிக்கலாம், ஆறு முனைக்கு 60 பாகை வேண்டும். ஆகவே கை நுழையாத இடுக்கில் ரிங் ஸ்பானருக்குப் பன்னிரண்டு முனைதான் வசதி. ராட்செட்டில் அந்த வசதிக்குப் பொருளில்லை, ஏனெனில் 72 பற்கள் உள்ள ராட்செட் 5 பாகை அசைந்தாலே அடுத்த பல்லைப் பிடித்துவிடும். பன்னிரண்டு முனையின் குறை, அது போல்ட் தலையின் மூலைகளுக்கு மிக அருகில் அழுத்துவது. என் வண்டியின் பின் பிரேக்கில் காற்று எடுக்க முயன்றபோது, துருப்பிடித்திருந்த பிளீடர் நிப்பிளில் (காற்றை வெளியேற்றத் தளர்த்தும் சிறு திருகு) பன்னிரண்டு முனை ரிங் ஸ்பானரைப் போட்டு ஓங்கி ஓர் இழுப்பு இழுத்தேன். சின்னதாக ஒரு நழுவல்தான். எடுத்துப் பார்த்தால் ஆறு மூலைகளும் மழுங்கி நிப்பிள் உருண்டையாகிவிட்டது, அது பொருந்தியிருந்த வீல் சிலிண்டரையே மாற்ற வேண்டியதாயிற்று. துருவேறிய போல்ட்டுக்கு ஆறு முனை, இடுக்கான போல்ட்டுக்குப் பன்னிரண்டு முனை என்று அன்றிலிருந்து பிரித்து வைத்திருக்கிறேன்.

அடுத்த போட்டி, சாக்கெட்டை மாட்டிக் கையால் திருப்பும் நீளக் கம்பிக்கும், பேட்டரியில் ஓடி அடித்தடித்துத் திருப்பும் இம்பாக்ட் ரெஞ்சுக்கும் இடையில். 60 கிலோ எடையுள்ள ஒருவர் 600 மி.மீ. கம்பியின் நுனியில் தம் முழு எடையையும் வைத்தால் ஏறக்குறைய 350 நியூட்டன் மீட்டர் முறுக்கு கிடைக்கும். சிறு வண்டியின் வீல் நட்டுக்கு அது தாராளம். சார்ஜ் தீரும் கவலையும் கம்பிக்கு இல்லை. ஆண்டுக்கு நான்கைந்து முறை சக்கரம் கழற்றுபவருக்கு இம்பாக்ட் ரெஞ்ச் தேவையில்லை என்றே சொல்வேன். ஆனால் வண்டிக்கு அடியில் படுத்துக்கொண்டு, எஞ்சினின் சுழற்சியைப் பின் சக்கரங்களுக்குக் கொண்டுபோகும் ப்ரொப்பல்லர் ஷாஃப்ட்டின் போல்ட்டைக் கழற்றும்போது நிலைமை தலைகீழாகிவிடுகிறது: அங்கே உடல் எடையைப் பயன்படுத்த வழியில்லை, ஸ்டாண்டில் நிற்கும் வண்டியை நீளக் கம்பியால் உலுக்குவது ஆபத்து, கம்பி சுழலவும் இடமிருக்காது. அத்தகைய வேலை அடிக்கடி வருமானால் இம்பாக்ட் ரெஞ்சை வாங்கலாம். அதற்குரிய கறுப்பு நிற இம்பாக்ட் சாக்கெட்டுகளையும் கூடவே வாங்க வேண்டும், பளபளக்கும் குரோம் சாக்கெட் அந்த அடியில் உடைந்து தெறிக்கக்கூடும். ராட்செட் பிடியில் பைப்பைச் செருகி நீட்டுவது மூன்றாவது வழி. உள்ளே இருக்கும் பல் தெறித்த பிறகுதான் அது வழியே அல்ல என்பது புரியும்.

குறித்த அளவுக்கு முறுக்க உதவும் டார்க் ரெஞ்ச் முறுக்குவதற்கு மட்டுமே, கழற்றுவதற்கு அல்ல. ஜாக்கி தூக்குவதற்கு மட்டுமே. ஸ்டாண்ட் இல்லாமல் வண்டிக்கு அடியில் தலையை நீட்டக் கூடாது.

பழைய உதிரி வாங்கப் போகும் பை முற்றிலும் வேறானது. அமெரிக்காவில் வாடிக்கையாளரே உள்ளே போய்த் தமக்கு வேண்டியதைக் கழற்றிக்கொள்ளும் பழைய வண்டி மைதானங்கள் உண்டு. அங்கே போகிறவர் மேலே சொன்ன கருவிகளையெல்லாம் சுமந்துதான் ஆக வேண்டும். சென்னைப் புதுப்பேட்டையில் வண்டியைக் கடைக்காரர்களே பிரித்துப் பாகங்களை வாசலில் அடுக்கி வைத்திருப்பதால் ஸ்பானருக்கு அநேகமாக வேலை வராது, அளவெடுக்கும் கருவிக்குத்தான் வேலை. இங்கே ஒப்பிட வேண்டியவை 150 மி.மீ. வெர்னியரும் 300 மி.மீ. வெர்னியரும். முன்னது சட்டைப்பைக்குள் அடங்கும், ஷாஃப்ட்டின் விட்டத்துக்கும் பேரிங்குக்கும் போதும். ஆனால் பிரேக் ட்ரம்மின் உள்விட்டத்துக்கு அது எட்டாது. பல ட்ரம்களில் அதிகபட்ச விட்டம் வார்ப்பிலேயே பொறிக்கப்பட்டிருக்கும். தேய்ந்த ட்ரம்மின் விளிம்பிலோ தேயாத ஒரு வரம்பு நிற்கும். வெர்னியரின் தாடைகள் அந்த வரம்பைத் தாண்டி உள்ளே பதியவில்லையென்றால் தேய்ந்த ட்ரம்மும் புதிதுபோல அளவு காட்டும், பணம் கொடுத்துவிட்டு வந்து வீட்டில்தான் உண்மை தெரியும். ஆகவே சுமையானாலும் 300 மி.மீ. வெர்னியரைத்தான் நான் எடுத்துப் போகிறேன்.

மரை அளக்கும் கேஜ் கையடக்கமானது, விலையும் குறைவு; மரைகளின் இடைவெளி 1.25 மி.மீ.யா 1.5 மி.மீ.யா என்பதைக் கண்ணால் பிரித்தறிவது கடினம் என்பதால் அதுவும் பையில் இருக்கட்டும். பேட்டரிக்குச் சார்ஜ் ஏற்றும் ஆல்டர்னேட்டர் வாங்குவதானால் மல்ட்டிமீட்டரைவிட, கப்பியைக் கையால் சுழற்றிக் காதருகே வைத்துக் கேட்பது முதல் சோதனை. கரகரவென்றால் அடுத்த கடை. இவற்றோடு ஒரு டார்ச்சும், கழற்றிய பழைய பாகமும் கோணிப்பையில் இருந்தால், பொருத்தும் துளைகளின் இடைவெளியை இரண்டையும் ஒன்றின்மேல் ஒன்று வைத்துக் கடை வாசலிலேயே பார்த்துவிடலாம்.