எச்பி5 பிளஸ்: ஏழு வருட இரவுக் கணக்கு

எங்கள் பத்தாங் பெர்ஜுந்தையில் (பலகையில் பெஸ்தாரி ஜெயா, வாயில் வருவது பழைய பெயர்தான்) ராத்திரி எட்டு மணிக்கு மேல் வெளிச்சம் தேடினால் கடைத்தெரு, கோயில், செம்பனை ஆலை. அவ்வளவுதான். இந்த ஊரிலிருந்துகொண்டு கோலாலம்பூர் இரவைக் கறுப்பு வெள்ளைப் பிலிமில் எடுக்கப் போகிறேன் என்று 2018இல் கிளம்பினேன். ஏழு வருடமாகக் கேமராவில் பெரும்பாலும் இல்ஃபோர்டு எச்பி5 பிளஸ்தான்.

முதல் சுருள் குப்பை. லாத்தார் நெடுஞ்சாலை வழியாக, கோலாலம்பூரைப் பார்த்து நிற்கும் அம்பாங் மேட்டுக்கு ஏறி, ஏசி காரிலிருந்து கேமராவை எடுத்து நேராக முக்காலியில் வைத்துவிட்டேன். வெளிப்புழுக்கத்தில் லென்ஸ் முழுக்கப் பனி மூடிவிட்டது. ராத்திரி படம் எடுக்கும் நம்மூர்க்காரர்கள் எல்லாரும் ஒருமுறையாவது படும் பாடு இது. இப்போதெல்லாம் மேடு வருவதற்கு அரை மணி நேரம் முன்பே ஏசியை அணைத்துவிட்டுச் சன்னலைத் திறந்துகொள்கிறேன். மனைவி கூட வரும் நாளில் மட்டும் அது நடக்காது.

பனியைவிடப் பெரிய தப்பு நேரத்தில். ஒளி அளக்கும் மீட்டர் 8 வினாடி காட்டியது, நானும் 8 வினாடி கொடுத்தேன். கழுவிப் பார்த்தால் நெகட்டிவில் சன்னல் விளக்குகள் மட்டும் பொட்டுப் பொட்டாக நின்றன. கட்டடத்தைக் காணோம். மங்கலான வெளிச்சத்தில் பிலிமுக்குச் சோம்பல் வந்துவிடும். வெள்ளி உப்புப் படிகத்தில் ஒளி அடுத்தடுத்து விழுந்தால்தான் பதிவு நிற்கும். சொட்டுச் சொட்டாக வந்தால் இரண்டாவது வருவதற்குள் முதலாவது அழிந்துவிடுகிறது. எச்பி5க்கு இல்ஃபோர்டு கொடுக்கும் கணக்கு, மீட்டர் காட்டும் வினாடியை 1.31 அடுக்குக்கு (பவர், பெருக்கல் இல்லை) உயர்த்துவது. அதன்படி 4 வினாடி 6 ஆகும், 8 வினாடி 15, 15 வினாடி 35, 30 வினாடி 86. இந்த நாலு வரியை எழுதிக் கேமராவின் முதுகில் ஒட்டினேன். ஒட்டிய நாளிலிருந்துதான் படம் விழுந்தது.

‘அக்ரோஸ் வாங்கியிருக்கலாமே?’ என்று நண்பர்கள் கேட்பார்கள். ஃபியூஜியின் அக்ரோஸுக்கு 120 வினாடி வரை திருத்தமே வேண்டாம் என்பது உண்மைதான். ஆனால் ஒளியை வாங்கும் வேகம் அதற்கு 100, இதற்கு 400. எச்பி5க்கு மீட்டர் 10 வினாடி காட்டும் இடத்தில் அக்ரோஸுக்கு 40 வினாடி வேண்டும். எச்பி5க்குத் திருத்தத்தோடு சேர்த்தே 20தான். எச்பி5க்கு மீட்டர் 30 வினாடி காட்டும் இருட்டுக்குப் போனால் இதற்கு 86, அக்ரோஸுக்கு 120, இடைவெளி சுருங்கிவிடுகிறது.  கோடாக்கின் ட்ரை-எக்ஸ் பக்கம் நான் போகாததற்கும் இந்தக் கணக்குதான் காரணம்: மீட்டர் 10 காட்டினால் அதற்கு 50 கொடுக்க வேண்டும்.

கேமரா பழைய நிக்கான் எஃப்எம்2. ஷட்டர் முழுக்க இயந்திரம் என்பதால் எத்தனை நிமிடம் திறந்து வைத்தாலும் பேட்டரிக்குச் செலவில்லை. லென்ஸ் முன்னால் பாதுகாப்புக்கு மாட்டும் யூவி ஃபில்டரை ராத்திரியில் கழற்றிவிடுங்கள். விளக்கு அதில் பட்டுத் தெறித்து, ஒரு சுருளில் இரட்டைக் கோபுரம் நான்கு கோபுரமாக, இரண்டு தலைகீழாக விழுந்தது.

நேரத்தைக் கூட்டினால் இருட்டுப் பகுதி தேறும், விளக்குகள் வெந்துபோகும். அதனால் கழுவும் நேரத்தைக் குறைக்க வேண்டும். குறைத்துக் கழுவும்படி எழுதிக் கொடுத்த சுருளைத் தலைநகர்க் கடை ஒன்று வழக்கம்போலக் கழுவிக் கொடுத்தது. விளக்கெல்லாம் வெள்ளைத் திட்டு. அன்றோடு வீட்டுக் குளியலறைதான். நம்மூர்க் குழாய்த் தண்ணீர் 28 டிகிரி, ரசாயனக் குறிப்புகளோ 20 டிகிரிக்கு எழுதியவை. ஐஸ் கட்டியைப் பையில் கட்டித் தொட்டியில் போட்டு 20க்கு இறக்கிப் பார்த்தேன். கழுவி முடிப்பதற்குள் மறுபடி ஏறிவிடும். போராட்டத்தை விட்டுவிட்டு 24இல் நின்றுகொண்டேன். பிலிம் கழுவும் ரசாயனமான டி-76இல் பாதிக்குப் பாதி தண்ணீர் கலந்து, அந்தச் சூட்டுக்கு ஆகும் நேரத்தில் ஐந்தில் ஒரு பங்கைக் கழிக்கிறேன்.

அம்பாங் மேட்டில் ஒரே இடத்தில் வருடா வருடம் எடுத்த நெகட்டிவ்களை வரிசையாக வைத்தால் மெர்டேக்கா 118 கோபுரம் முளைத்து வளர்வது தெரியும். 452 மீட்டர் இரட்டைக் கோபுரம் அதன் 678.9 மீட்டருக்குப் பக்கத்தில் தம்பி போல நிற்கிறது. அந்த வரிசையில் 2020 மட்டும் ஓட்டை. மார்ச் 18 கோவிட் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை வந்து, வீட்டிலிருந்து பத்துக் கிலோமீட்டரைத் தாண்ட முடியாமல் போனது.

அப்புறம்தான் ஆலையைப் பார்த்தேன். பார்த்தேன் என்றால், அப்பா பாய்லரில் வேலை செய்த இடம், பிறந்ததிலிருந்து பார்ப்பதுதான். வெட்டிய குலையைச் சுமார் ஒரு நாளுக்குள் வேக வைக்காவிட்டால் எண்ணெயில் அமிலம் ஏறிவிடும். காய்ப்பு அதிகமான மாதங்களில் அதனால் ராத்திரியும் ஓடும். கோலாலம்பூர் வானம் எப்போதும் அரைச் சாம்பல், அந்தச் சாம்பலில் எச்பி5இன் மணல்மணலான துகள் கண்ணை உறுத்தும். பெரிதாக்கினால் இன்னும் மோசம். இந்தப் பிலிமில் எனக்குள்ள உண்மையான குறை அது ஒன்றுதான். தோட்டத்து வானம் கன்னங்கரேல், துகளுக்கு அங்கே வேலையே இல்லை. ஒன்றரை நிமிடத்தில் ஆலை நீராவி பஞ்சாகி, சோடியம் விளக்குக்குக் கீழே வெள்ளையிலிருந்து சாம்பலுக்குப் படிப்படியாக இறங்கும். கோபுரங்களில் எனக்கு இந்த இறக்கம் ஒருநாளும் கிடைத்ததில்லை.

கம்போங் குவாந்தான் ஆற்றங்கரை மின்மினிகளிடம் தோற்றேன். ஆடும் படகில் முக்காலி வைத்து என்ன பயன்?

ஆலை வாசலில் காவலுக்கு இருந்த அண்ணன் ஒருநாள் விசாரிக்க வந்தார். “என்னா தம்பி, ராத்திரில புகையப் போய் எடுக்கிற?” என்று கேட்டுவிட்டு, கேமராவுக்கு முன்னாலேயே டார்ச்சோடு நடந்து போனார். ஷட்டர் திறந்துதான் இருந்தது. பிரிண்ட் போட்டதும் ஒன்று கொண்டுபோய்க் கொடுத்தேன். வாசலிலிருந்து தராசு மேடை வரை இடுப்பு உயரத்தில் ஒரு வெள்ளைக் கோடு ஓடுகிறது, ஆளைக் காணோம். திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, “நான் எங்க?” என்றார். கோட்டைக் காட்டினேன். நம்பவில்லை. ஆனாலும் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.