ஒரே சட்டிச் சோறு: நாய்க்குச் சரி, பூனைக்கு?

கோபி பக்கம் எங்கள் தோட்டத்தில் ஆட்டுப்பட்டிக்குக் காவலாக ஒரு நாட்டு நாய், 20 கிலோ. எலிக்காக ஒரு பெட்டைப் பூனை, மூன்றரைக் கிலோ. இரண்டுக்கும் அம்மா போடுவது ஒரே சட்டியிலிருந்து: மிஞ்சின சோறு, கொஞ்சம் மோர், ஞாயிற்றுக்கிழமை என்றால் கறிக்குழம்பின் அடி. கோயமுத்தூரில் தங்கச்சி வீட்டு லேப்ரடாருக்கோ இரண்டு வேளையும் எடை போட்டுப் பாக்கெட் தீனி. பொங்கலுக்கு எல்லாரும் கூடினால் இந்தச் சண்டை கட்டாயம் உண்டு.

"பட்டியில படுக்கற நாய்க்குப் பாக்கெட்டுத் தீனியா கண்ணு? அப்பாரு காலத்துல களியத் தின்னுபோட்டு நரியத் தொரத்துச்சு" என்பார் அம்மா.

"அந்த நாயி எத்தன வருசம் இருந்துச்சுன்னு சொல்லும்மா" என்பாள் தங்கச்சி. அதற்குப் பதில் வராது.

நாயைப் பொறுத்தவரை அம்மா பக்கம் நியாயம் உண்டு. 2013-ல் நேச்சர் இதழில் வந்த மரபணு ஆய்வின்படி, மாவுச்சத்தைச் செரிக்கும் அமைலேஸ் மரபணு ஓநாயைவிட நாயிடம் பல மடங்கு அதிக நகல்களாக இருக்கிறது. நம்மோடு சேர்ந்து சோறு தின்னப் பழகிய உயிர் அது. ஆனால் சோறு செரிக்கும் என்பது வேறு, சோறே போதும் என்பது வேறு. மோர்ச்சோற்றில் மட்டும் வளரும் நாய்க்குப் புரதம் பற்றாது. மயிர் மங்கிக் கொட்டும், தோல் வறண்டு போகும், சதை கரையும்.

கணக்குப் போட்டுப் பார்த்தேன். வளர்ந்த 20 கிலோ நாய்க்கு ஒரு நாளைக்கு ஏறத்தாழ 1,000 கலோரி வேண்டும். பாக்கெட் தீனி என்றால் சுமார் 270 கிராம். வீட்டில் என்றால் 400 கிராம் சோறு, எலும்பு நீக்கி வேகவைத்த கோழி 250 கிராம், ஒரு முட்டை. அதோடு முட்டை ஓட்டைக் கழுவிக் காயவைத்து நைசாகப் பொடித்து அரை டீஸ்பூன். கறியில் பாஸ்பரஸ் அதிகம், கால்சியம் மிகக் குறைவு. ஓட்டுப்பொடி இல்லாமல் வெறும் கறியும் சோறுமாகப் போட்டால் உடம்பு எலும்பிலிருந்து கால்சியத்தை உருவிக்கொள்ளும். குட்டிகளுக்குக் கால் வளைவதும், குதித்தால் எலும்பு முறிவதும் இப்படித்தான். நாமக்கல் முட்டை கிடைக்கிற ஊரில் ஓட்டுக்கா பஞ்சம்? இவ்வளவு செய்தாலும் துத்தநாகம், அயோடின், வைட்டமின் ஈ குறையும். மருத்துவரிடம் கேட்டுத் தாதுக் கலவை சேர்க்க வேண்டும். குட்டிக்கும் சினை நாய்க்கும் இந்த வித்தையெல்லாம் வேண்டாம், பாக்கெட்டே மேல்.

பல்லடம் பக்கத்துக் கோழிகள் ஊரெல்லாம் போவதால் கோழிக்கடையில் தோலும் கழுத்தும் காலும் சும்மாவே கிடைக்கும். மூன்றாவது வழி அது. பச்சையாகப் போட்டால் சால்மோனெல்லா கிருமி, எலும்போடு வேகவைத்தால் அது சில்லுச் சில்லாக உடைந்து குடலைக் கிழிக்கும். தோல் முழுக்கக் கொழுப்பு, கணையத்துக்கு ஆகாது. கடைக்காரரிடம் இதயத்தைக் கேட்டு வாங்கலாம், ஈரல் மட்டும் அளவோடு. மற்றது வேண்டாம்.

பாக்கெட்டுக்கும் குறை இல்லாமல் இல்லை. 2007-ல் அமெரிக்காவில் மெலமின் என்ற ரசாயனம் கலந்த தீனியால் நாயும் பூனையும் செத்தன. 2018-ல் தானியமில்லாத தீனிக்கும் நாய்களின் இதயத் தசை நோய்க்கும் தொடர்பு உண்டா என்று அந்நாட்டு உணவு மருந்துத் துறை விசாரிக்கத் தொடங்கியது. தானியம் இல்லை என்று போட்டு விலையை ஏற்றினால் நான் வாங்குவதில்லை. தங்கச்சி வீட்டில் தீனிக்குத்தான் எடை, மச்சான் தட்டிலிருந்து போகிற இட்லிக்கு இல்லை. லேப்ரடார்களில் ஏறக்குறைய நாலில் ஒன்றுக்கு வயிறு நிறைந்த உணர்வைத் தரும் பி.ஓ.எம்.சி. மரபணுவில் கோளாறு இருப்பதாக 2016-ல் கேம்பிரிட்ஜ் ஆய்வு சொன்னது. இவர்கள் நாய் அந்த நாலில் ஒன்று என்பதே என் கட்சி.

பூனை விஷயத்தில் அம்மா தோற்றுப்போகிறார். பூனை முழுக்கப் புலால் உண்ணி. டாரின் என்ற சத்தைத் தேவையான அளவு அதன் உடம்பால் ஆக்கிக்கொள்ள முடியாது. கேரட்டின் கரோட்டினை வைட்டமின் ஏ ஆக மாற்றவும் முடியாது. டாரின் குறைந்தால் கண்ணின் விழித்திரை கெடும், இதயம் வீங்கித் தளரும். 1987-ல் கலிபோர்னியாவில் இந்த இதய நோய்க்குக் காரணம் டாரின் குறைவுதான் என்று கண்டுபிடித்தபோது நோய்ப்பட்ட பூனைகள் தின்றது பாக்கெட் தீனிதான். அதற்குப் பிறகே கம்பெனிகள் டாரினைக் கூட்டின. நாய்த் தீனியைப் பூனைக்குப் போடக்கூடாது என்பதும் இதனால்தான். எங்கள் தோட்டத்துப் பூனை தெம்பாக இருப்பது மோர்ச்சோற்றால் இல்லை, வைக்கோல்போரில் பிடிக்கிற எலியால்.

எலி கிடைக்காத வீட்டுப் பூனைக்குப் பாக்கெட்தான் என்று நானும் ஈரோட்டில் கடுவன் பூனை ஒன்றுக்கு உலர்தீனி மட்டுமே போட்டு வளர்த்தேன். உலர்தீனியில் ஈரம் 10 சதவீதம் போல, எலியில் மூன்றில் இரண்டு பங்கு போல. பூனை தானாகத் தண்ணீர் தேடிக் குடிப்பது குறைவு. ஒரு நாள் மணல் தட்டில் உட்கார்ந்து உட்கார்ந்து முக்கியது. மலச்சிக்கல் என்று நினைத்து ஒரு பகலை வீணாக்கினேன். சிறுநீர்க் குழாய் அடைப்பு. கடுவனுக்குக் குழாய் குறுகல், முழுதாக அடைத்தால் ஓரிரு நாளில் உயிர் போய்விடும். டியூப் போட்டு எடுத்தார்கள், பிழைத்தது. இப்போது பாதி உலர்தீனி, பாதி ஈரத்தீனி, மூன்று இடத்தில் தண்ணீர்க் கிண்ணம்.

சட்டி ஒன்றாக இருப்பதில் இன்னொரு வில்லங்கம் சின்ன வெங்காயம். அரிசிம்பருப்புச் சோற்றிலும் பள்ளிபாளையம் சிக்கனிலும் அதுதானே ருசி. வெங்காயம் ரத்தச் சிவப்பணுவைச் சிதைக்கும், வேகவைத்தாலும் விஷம் போகாது. நாய்க்குக் கிலோ எடைக்கு 15 கிராமுக்கு மேல் போனால் ஆபத்து, பூனைக்கு 5 கிராமே போதும். எங்கள் பூனைக்கு மூன்று நான்கு வெங்காயம்தான் கணக்கு. பூண்டும் அதே ஜாதி. திராட்சை நாயின் சிறுநீரகத்தைக் கெடுப்பது டார்டாரிக் அமிலத்தால் என்று சந்தேகிக்கும் 2022-ம் ஆண்டு ஆய்வு, அதே அமிலம் உள்ள புளியையும் சேர்த்தே சொல்கிறது.

தீனியை விட்டு ஒரு வார்த்தை. நாய் சோறு தின்னாமல் காய்ச்சலோடு சுருண்டு படுத்தால் தீனியை மாற்றிப் பார்க்காதீர்கள், காதுமடலிலும் விரலிடுக்கிலும் உண்ணி தேடுங்கள். உண்ணிக் காய்ச்சலுக்கு ரத்தப் பரிசோதனையும் மருந்தும்தான் வழி. நாய்க்கென்று விற்கும் பெர்மெத்ரின் கலந்த உண்ணி மருந்து பூனைக்கு வலிப்பு வரவைத்துக் கொன்றுவிடும். ஒரே ஒரு பாராசிட்டமால் மாத்திரையும் பூனையைக் கொன்றுவிடும்.

இந்தப் பொங்கலிலிருந்து தோட்டத்தில் ஏற்பாடு மாறியிருக்கிறது. தாளிப்பதற்கு முன்பே நாய்க்கு எடுத்து வைத்துவிடுகிறார் அம்மா, ஓட்டுப்பொடி ஒரு ஹார்லிக்ஸ் பாட்டிலில். பூனையின் கிண்ணம் நாய்க்கு எட்டாமல் பரண்மேல், அதில் ஈரத்தீனி. நாங்கள் அந்தப் பக்கம் திரும்பியதும் அதன்மேல் ஒரு கை மோரும் தெளிக்கிறார்.