ஹேர் ஸ்டீமர் ரிவ்யூ: முடியில வெள்ளையா ஒட்டுதுன்னா மெஷினைத் திட்டாதீங்க

சேலம் அஸ்தம்பட்டி பக்கம் ஒரு கடையில வாங்குன ஸ்டீமர் இது, டேங்க்ல தண்ணி ஊத்தி சுட வச்சா மேல இருக்குற மூடிக்குள்ள ஆவி வரும், தலைய உள்ள விட்டு உக்காந்துக்கணும். அக்காவுக்கு சுருட்டை முடி, எனக்கு நீட்டு முடி, ரெண்டு பேருக்குமே நல்லா வேலை செய்யுது. ஆவி சீரா வருது, பின்கழுத்து வரைக்கும் சூடு போகுது, 15 நிமிஷத்துல முடிக்குப் போடுற ஹேர் மாஸ்க் கிரீம் நல்லா இறங்கிடுது. ஆனா வாங்குனவங்க நிறைய பேர் முடி காஞ்சதும் பிசுபிசுன்னு இருக்கு, சீப்புல வெள்ளையா வருது, மெஷின் சரியில்லன்னு சொல்றாங்க, அதுக்காகத்தான் இவ்ளோ நீளமா எழுதுறேன்.

முதல்ல மாஸ்க் டப்பாவைத் திருப்பிப் பாருங்க. செட்டில் ஆல்கஹால்னு ஒண்ணு நிறைய மாஸ்க்ல இருக்கும், பேருதான் ஆல்கஹால், ஆனா மெழுகு மாதிரி சாமான், சுமாரா 49 டிகிரியில உருகும். ஆவியில இளகி முடி பூரா பரவிடும், உடனே பச்சைத்தண்ணிய ஊத்துனா சரியா அலசாம அங்கயே தங்கிடலாம், அந்தப் பிசுபிசுப்புக்கு அது ஒரு காரணமா இருக்கலாம். வெதுவெதுன்னு தண்ணியில, விரலை விட்டு பிரிச்சுப் பிரிச்சு, வழுக்கல் போற வரைக்கும் அலசுங்க, கடைசியா வேணா பச்சைத்தண்ணி. மாஸ்க்கை வேர்ல போடவே போடாதீங்க, காதுக்குக் கீழ இருக்குற முடிக்குப் போதும். டைமெத்திகோன்னு போட்டிருந்தா அது சிலிக்கோன், வெறும் தண்ணியில போகாது, மேல மேல சேரலாம், அதுக்கு அப்பப்ப சல்பேட் இருக்குற ஷாம்பு ஒரு தடவை போட்டா நல்லது.

அடுத்தது தண்ணி, சேலத்துக்காரங்களுக்கு இதைச் சொல்லணுமா என்ன. ஊருக்கு வடக்கால சுண்ணாம்புக் கரட்டுல வெட்டி எடுக்குறாங்கல்ல வெள்ளைக் கல்லு, மேக்னசைட், அது மெக்னீசியம் கார்பனேட்தான். நம்ம பக்கத்து போர் தண்ணி நிறைய வீட்ல எப்படின்னு பக்கெட் ஓரத்துல படியுற வெள்ளையே சொல்லும், கால்சியமும் மெக்னீசியமும் முடியிலயும் அப்படியே படியும், அதுக்கு மேல மாஸ்க் போட்டா முடி சொரசொரன்னு விறைச்சுக்கும். எது காரணம்னு கண்டுபிடிக்க சுலபமான வழி இருக்கு, ஒரே ஒரு கத்தை முடிய மட்டும் கேன் தண்ணியிலயோ ஆர்ஓ தண்ணியிலயோ அலசிக் காய விடுங்க, மிச்சத்தை வழக்கம்போல போர் தண்ணியில. கத்தை மட்டும் மிருதுவா இருந்தா தண்ணிதான் வில்லன், ரெண்டும் ஒண்ணாவே பிசுபிசுத்தா மாஸ்க்தான். தண்ணின்னு தெரிஞ்சா ஈடிடிஏ (கால்சியம், மெக்னீசியத்தைப் பிடிச்சு வச்சுக்குற சாமான்) சேர்த்த ஷாம்பு வாங்குங்க, கடைசி அலசலுக்கு மட்டும் குழாய்ல வர்ற மேட்டூர் காவிரித் தண்ணி ஒரு பக்கெட் பிடிச்சு வச்சுக்கங்க, அது போர் தண்ணிய விட எவ்வளவோ தேவலை.

அரப்பு போட்டுக் குளிக்கிறவங்களுக்கு ஒண்ணு சொல்லணும், அரப்பு எண்ணெயை அருமையா எடுக்கும், எங்க வீட்லயும் எண்ணெய் தேச்சா அதுதான், ஆனா ஸ்டீம் பண்ண அன்னிக்கு வேண்டாம், அந்தத் தூளே மாஸ்க்கோட ஒட்டி முடியில நின்னுக்கும், பாக்க பொடுகு மாதிரியே தெரியும்.

மெஷின்ல இருக்குற குறைன்னா டேங்க்தான். போர் தண்ணி ஊத்துனா உள்ள கல்லு மாதிரி படிஞ்சிடும், அப்புறம் ஆவியோட சேர்ந்து தண்ணி துளித்துளியா தெறிக்கும், அதுலயும் உப்பு வரும், அதனால ஆர்ஓ தண்ணி மட்டும் ஊத்துங்க, படிஞ்சுட்டா வினிகர் கலந்த தண்ணிய ஊத்தி ஊற வச்சுக் கழுவுங்க. இதைப் பத்தி கூட வந்த பேப்பர்ல ஒரு வரி கூட இல்ல, அதுக்காகவே ஒரு ஸ்டார் குறைக்கிறேன். ஒயரும் குட்டை, பிளக் பாயிண்ட் பக்கத்துலயே சேர் போட எடம் இருக்கான்னு பாத்துட்டு வாங்குங்க.