பதற்றப்படும் பிள்ளை: சிகிச்சைக்குப் போவது பிள்ளையா, பெற்றோரா?

"வயிறு வலிக்குது, ஸ்கூலுக்குப் போகமாட்டேன்" என்று தினமும் அழும் பிள்ளைக்கு வழக்கமாகச் சொல்லப்படுவது சிபிடி (CBT), அதாவது எண்ணத்தையும் நடத்தையையும் மாற்றப் பழக்கும் மனநலச் சிகிச்சை. பிள்ளையே சிகிச்சையாளரிடம் உட்கார்ந்து, பயத்தைப் படிப்படியாக எதிர்கொள்ளப் பழகும். சான்று வலுவானது: 2008-இல் வெளியான அமெரிக்க ஆய்வில் 7 முதல் 17 வயதுள்ள 488 பேர் பங்கேற்றனர். சிபிடி பெற்றவர்களில் சுமார் 60 விழுக்காட்டினர் நன்கு தேறினர்; மருந்தில்லாத போலி மாத்திரை பெற்றவர்களில் 24 விழுக்காட்டினரே.

பேசவே மறுக்கும் பிள்ளையை என்ன செய்வது? யேல் பல்கலைக்கழகத்தின் எலி லெபோவிட்ஸ் உருவாக்கிய 'ஸ்பேஸ்' முறையில் பெற்றோர் மட்டும் போனால் போதும். பிள்ளை பயப்படுகிறதே என்று கூடவே படுப்பது, கடையில் அதற்குப் பதிலாக நாமே பேசுவது, "ஒன்றும் ஆகாது" என்று நூறு முறை சொல்வது, இவையெல்லாம் அன்பில் செய்வதுதான். ஆனால் பயத்துக்குத் தீனியும் இவைதான். "கஷ்டமா இருக்குன்னு புரியுதுடா, ஆனா உன்னால சமாளிக்க முடியும்" என்று சொல்லி, ஒவ்வொன்றாகக் குறைக்கப் பெற்றோர் பழகுகிறார்கள். 124 பிள்ளைகளைக் கொண்டு இரண்டையும் ஒப்பிட்ட 2020 ஆய்வில், ஸ்பேஸ் சிபிடிக்குச் சளைக்கவில்லை.

பிள்ளை ஒத்துழைத்தால் சிபிடியையே முதலில் சொல்வேன். மறுத்தால், இழுத்துக்கொண்டு போகாமல் பெற்றோர் போகட்டும். வீட்டில் பாட்டி இருந்தால் அவரிடமும் முன்பே சொல்லிவையுங்கள். அம்மா நிறுத்தியதைப் பாட்டி தொடர்ந்தால் பிள்ளை குழம்பிப்போகும்.