எக்ஸ்டென்ஷன் டியூப்போடு நான்கு ஆண்டுகள்

சின்னஞ்சிறியவற்றைப் பெரிதாக எடுக்கும் மேக்ரோ லென்ஸுக்குப் பணம் சேரும்வரை ஒப்பேற்றலாம் என்றுதான் எக்ஸ்டென்ஷன் டியூப் வாங்கினேன். நான்கு ஆண்டுகள் ஓடிவிட்டன. சேர்த்த பணம் வேறு எதற்கெல்லாமோ போய்விட்டது. டியூப் இன்னும் கேமராவில்தான் இருக்கிறது.

தெரியாதவர்களுக்காக: இது லென்ஸுக்கும் கேமராவுக்கும் நடுவே மாட்டும் வெற்று வளையம். உள்ளே கண்ணாடி கிடையாது, காற்றுதான். லென்ஸ் சென்சாரை விட்டுத் தள்ளிப் போனால் மிக அருகில் இருப்பதையும் குவிக்க முடியும், உருவமும் பெரிதாக விழும். என்னிடம் 12, 20, 36 மில்லிமீட்டர் என மூன்று வளையங்கள். மூன்றையும் அடுக்கி 50 மில்லிமீட்டர் லென்ஸை மாட்டினால் உருவம் சென்சாரில் ஏறத்தாழ ஒன்றரை மடங்காக விழுகிறது. என் ஏபிஎஸ்-சி (சற்றே சிறிய சென்சார்) கேமராவில் அப்போது படத்தின் மொத்த அகலமே ஒன்றரை சென்டிமீட்டர்தான்.

முதலில் வாங்கியது நானூறு ரூபாய்ச் சரக்கு. மின்தொடர்பு முனைகள் இல்லாததால் லென்ஸும் கேமராவும் பேச்சுவார்த்தையை முறித்துக்கொண்டன, அபர்ச்சர் (லென்ஸின் ஒளித்துளை; எண் கூடினால் துளை சுருங்கும்) 1.8-இலேயே திறந்து கிடந்தது. எறும்பின் ஒரு கண் துலங்கினால் மறு கண் புகை. என் கேனான் கேமராவில் இதற்கு ஒரு குறுக்குவழி உண்டு. அபர்ச்சரை எட்டில் வைத்து, துளையைச் சுருக்கிக் காட்டும் முன்னோட்டப் பொத்தானை அழுத்திப் பிடித்தபடியே லென்ஸைக் கழற்றினால், துளை சுருங்கிய நிலையிலேயே நின்றுவிடும். ஆறு மாதம் இப்படி ஓட்டினேன். வியூஃபைண்டரில் பார்ப்பது அடைமழையில் கிணற்றுக்குள் எட்டிப் பார்ப்பது போல இருக்கும். பிறகு மின்தொடர்பு உள்ள தொகுப்பை வாங்கிவிட்டேன். புதிதாக வாங்குகிறவர்கள் நேராக அதற்கே போய்விடுங்கள். என் ஆறு மாதம் உங்களுக்கு வேண்டாம்.

அபர்ச்சர் எட்டில்கூடத் தெளிவாக விழும் பகுதி அரை மில்லிமீட்டருக்கும் குறைவு. பதினாறுக்குப் போனால் ஆழம் கூடும், ஆனால் படம் முழுவதும் மழுங்கிவிடும். நான் எட்டுக்கும் பதினொன்றுக்கும் நடுவே நிற்கிறேன். ஆட்டோஃபோகஸ் இங்கே உதவாது. முன்னும் பின்னும் ஓடிக் களைத்துப் போகும். இடது கையால் காம்பைப் பிடித்து, அதே கையின் மேல் லென்ஸைத் தாங்கி, உடம்பை மட்டும் மயிரிழை முன்னே சாய்ப்பதுதான் வழி. தென்காசியில் ஆடிக் காற்று அடிக்கும்போது இதுவும் நடக்காது. அந்த நாட்களில் மாலை நேரப் படங்களைக் கைவிட்டு, விடியற்காலையோடு நிறுத்திக்கொள்கிறேன்.

விடியற்காலை என்றதும் சொல்ல வேண்டியது நீலப் பட்டைத் தேனீக்களை. இவற்றின் ஆண்களுக்குக் கூடு கிடையாது. இரவில் ஒரு காய்ந்த காம்பைத் தாடைகளால் கடித்துப் பிடித்து, உடம்பைக் காற்றில் தொங்கவிட்டபடி தூங்கும். எங்கள் துளசிச் செடியின் உலர்ந்த கதிரில் ஒரு மார்கழியில் ஐந்து வரிசையாகத் தொங்கின. கடித்த இடத்தில் தாடை காம்பில் பதிந்திருப்பதும், மயிர்களில் பனித்துளி கோத்திருப்பதும் அன்று படத்தில்தான் எனக்குத் தெரிந்தன. வெயில் ஏறிவிட்டால் ஒன்றையும் நெருங்க முடியாது. இந்த டியூப்பின் பெரிய குறையே அதுதான்: மூன்றையும் மாட்டினால் லென்ஸின் முகத்துக்கும் பொருளுக்கும் நடுவே சில விரற்கடைதான் மிஞ்சுகிறது. வண்ணத்துப்பூச்சியும் தும்பியும் அதற்குள் பறந்துவிடும். நண்பரின் 100 மில்லிமீட்டர் மேக்ரோ லென்ஸை இரண்டு நாள் இரவல் வாங்கிப் பார்த்தேன். முழு உருவளவில் எடுக்கும்போதும் முக்கால் சாண் இடைவெளி தருகிறது. பொறாமையாக இருந்தது.

ஆனால் நகராதவற்றிடம் டியூப் ராஜா. மாமரத்தில் முசுறு எறும்பு ஊர்வதை எடுத்துக்கொண்டிருந்தேன். அம்மா வாசலில் நின்று, "மரத்தோடு என்னடா ரகசியம் பேசுகிறாய்?" என்றார். எடுத்ததைக் கணினியில் பெரிதாக்கினால் ஓர் எறும்புக்கு எட்டுக் கால்! முசுறு போலவே நிறம், முசுறு போலவே ஒடுங்கிய இடுப்பு. முன்னங்கால் இரண்டையும் உணர்கொம்பு போலத் தூக்கி ஆட்டிக்கொண்டிருந்திருக்கிறது. முகத்தில் மட்டும் நேராக என்னையே பார்க்கும் இரண்டு பெரிய கண்கள். முசுறைப் போல வேடமிடும் தாவும் சிலந்தி அது. ஆண் சிலந்தியின் தாடைகள் நீண்டு முன்னால் துருத்திக்கொண்டிருக்கும். ஓர் எறும்பு இன்னொன்றைச் சுமந்து போவதாகவே தோன்றும். வெறும் கண்ணுக்கு ஏழு ஆண்டுகளாக அவை எனக்கு எறும்புகள்தாம்.

ஒளியைப் பற்றி ஒரு வார்த்தை. படங்களைத் திருத்தியது டியூப் அல்ல, ஃபிளாஷின் முன் நான் ஒட்டிய வெள்ளை நுரைத்தாள். புது டிவியைச் சுற்றி வந்தது. அது இல்லாமல் எடுத்தால் வண்டின் முதுகில் ட்யூப்லைட் எரிவது போல ஒரு கோடு விழுகிறது.

இப்போது தேய்மானம். டியூப்பில் லென்ஸ் பூட்டும் பிளாஸ்டிக் மவுண்ட் மூன்றாம் ஆண்டில் தளர்ந்தது. லென்ஸைச் சற்றே திருகினால் லொடலொடக்கிறது, சில நேரம் தொடர்பு அறுந்து கேமரா பிழைச் செய்தி காட்டுகிறது. பெரிய லென்ஸை இதில் தொங்கவிட எனக்குத் துணிவில்லை. உலோக மவுண்ட் உள்ளதைக் கொஞ்சம் கூடுதல் விலைக்கு வாங்கியிருக்கலாம். சாரல் காலத்தில் லென்ஸில் பூஞ்சை பிடிக்காமலிருக்க எல்லாவற்றையும் சிலிக்கா ஜெல்லோடு மூடிய டப்பாவில் வைக்கிறேன். தோட்டத்தில் நின்று வளையங்களை மாற்றி மாற்றி மாட்டுவதால் சென்சாரில் தூசி ஏறுவதற்குத்தான் இன்னும் வழி தெரியவில்லை. நேற்று எடுத்த செம்பருத்திப் படத்திலும் மகரந்தத்துக்கு மேலே, வானத்தில் மூன்று கரும்புள்ளிகள்.