கானா வாசிப்பும் இணைய விளையாட்டுகளும்: ஒன்றரை ஆண்டு அனுபவம்

ஜப்பானிய மொழியின் ஹிரகானா, கதகானா (இரண்டும் சேர்ந்து ‘கானா’) எழுத்துகளை இணைய விளையாட்டுகளின் வழியாகவே வாசித்துப் பழகத் தொடங்கி ஒன்றரை ஆண்டு ஆகிறது. ஒவ்வொன்றிலும் 46 அடிப்படை எழுத்துகள். ஹிரகானா மூன்று வாரங்களில் வசப்பட்டது. ஆனால் அதில் பாதிப் பெருமை தமிழுக்கே உரியது. அ, இ, உ, எ, ஒ என்னும் உயிர் வரிசையும் க, ச, த, ந எனத் தொடரும் மெய் வரிசையும் அங்கும் உள்ளன. பௌத்தத்தோடு சென்ற சமஸ்கிருத எழுத்துக் கல்வியின் தடம் அது. நம் ‘ப’ நிற்க வேண்டிய இடத்தில் ‘ஹ’ நிற்பதும் புதிரன்று. அந்த வரிசை பழைய ஜப்பானியத்தில் ‘ப’ என்றே ஒலித்தது.

முதலில் ஆடியது, நான்கு விடைகளுள் ஒன்றைத் தொடும் விளையாட்டு. மதிப்பெண் ஏறிக்கொண்டே போனது. ஆனால் நான் எழுத்தை வாசிக்கவில்லை, பொருந்தாத மூன்றைக் கழித்துக்கொண்டிருந்தேன் என்பது பிறகுதான் புரிந்தது. மேலிருந்து விழும் எழுத்து தரையைத் தொடுமுன் அதன் ஒலியைத் தட்டச்சு செய்யும் விளையாட்டில் இந்தத் தப்பிக்கும் வழி கிடையாது. பழக்கம் உண்மையில் ஏறியது அங்கேதான்.

கதகானா இரண்டு மாதங்களைத் தின்றது. ‘ஷி’, ‘ட்சு’ இரண்டிலும் இரு சிறு கோடுகளும் ஒரு நீண்ட கோடும்தான். ‘ஷி’யில் சிறு கோடுகள் இடப்புறம் ஒன்றன்கீழ் ஒன்றாக நிற்க, நீண்ட கோடு கீழிருந்து மேலே ஏறும், ‘ட்சு’வில் அவை மேலே அருகருகே நிற்க, நீண்ட கோடு கீழே இறங்கும். இந்த வேறுபாட்டைத் திரை எனக்குக் கற்றுத் தரவில்லை. தாளில் பத்து முறை எழுதிய பிறகே கண்ணுக்குப் பிடிபட்டது.

என் பெரிய மனக்குறை வேறு. நான் ஆடியவை பெரும்பாலும் ஒரே எழுத்துருவையே காட்டின. ஹிரகானா ‘கி’யின் கீழ் வளைவு அச்சில் தண்டோடு ஒட்டியிருக்கும், கையெழுத்தில் பிரிந்து நிற்கும், ஒரு வாழ்த்து அட்டையில் அதைக் கண்டு புதிய எழுத்தென்றே மயங்கினேன். ‘ஹ’ எழுத்து வேற்றுமை உருபுபோல் வரும்போது ‘வ’ என ஒலிக்கும். விளையாட்டிலோ எப்போதும் ‘ஹ’ என்றே தட்டச்சு செய்ததால் ஜப்பானிய மொழித் திறன் தேர்வின் தொடக்கநிலையான என்5-இன் மாதிரி வினாத்தாளை உரக்க வாசித்தபோது வரிக்கு வரி இடறினேன். சிறிய ‘ட்சு’வும் தனியெழுத்துப் பயிற்சியில் தலைகாட்டுவதில்லை. அது நம் ஒற்று இரட்டிப்பதைப் போன்றது: ‘கிதெ’ என்றால் ‘வந்து’, ‘கித்தெ’ என்றால் தபால்தலை. படு, பட்டு அறிந்தவர்க்கு இதை விளக்க ஒரு வரி போதும்.

ஆகவே, தனியெழுத்து விளையாட்டை முதல் மாதத்தோடு நிறுத்திவிட்டுச் சொற்களுக்கு நகர்வதையே பரிந்துரைப்பேன். ஜப்பானியர் தட்டச்சுப் பழக ஆடும் ‘சுஷிதா’வில் சுஷித் தட்டு நகர்ந்து மறைவதற்குள் சொல்லை அடித்து முடிக்க வேண்டும், அதன் மிக எளிய ‘3,000 யென்’ நிலையே தொடக்கநிலையினர்க்கு மூச்சு வாங்க வைக்கும். சொல்லின் கீழே ரோமன் எழுத்து வடிவமும் தெரிவதால் கண் அங்கேயே ஓடும். திரையின் அந்தப் பகுதியில் ஒரு காகிதத் துண்டை ஒட்டி வைத்திருக்கிறேன்; தட்டுகள் பல தப்பினாலும் வாசிப்பு நடக்கிறது. சட்டையைக் குறிக்கும் ‘ஷாட்சு’ கதகானாவில் வந்தால் மட்டும், ‘ஷி’யும் ‘ட்சு’வும் ஒரே சொல்லில் சேர்ந்து நிற்பதால், இன்றும் ஒரு நொடி தயங்குகிறேன்.